வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்



இந்த மாதம் ஒரு ஊழியக்காரருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி பாஸ்டர் ஐயா என்னிடம் கேட்டபோது ரொம்பத் தயங்கினேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஊசி போட்ட கை இது. நோயாளியின் சார்ட்டில் காய்ச்சலும் நாடித்துடிப்பும் எழுதியதைத் தவிர வேறு எழுத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. அப்படியானால் ஆஸ்பத்திரியைப் பற்றியே எழுதுங்கள் சிஸ்டர் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உண்டாக்கின டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம்மைப் போல அந்நியபாஷை பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல, அமெரிக்க சீர்திருத்த சபையின் மிஷனரி. ஆனாலும் கர்த்தர் அவரை எடுத்துப் பயன்படுத்தின விதத்தை நாம் அறிந்துகொள்வது நல்லது.

ஐடா 1870 டிசம்பர் 9ஆம் தேதி நம் தமிழ்நாட்டிலேயே, ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் டாக்டர்தான். ஸ்கடர் குடும்பத்தில் பிறந்தால் மிஷனரி ஆகத்தான் வேண்டும் என்பது எழுதாத சட்டம் மாதிரி. ஐடாவுக்கோ அதில் துளியும் விருப்பமில்லை. 1876 முதல் 1878 வரை இருந்த தாது வருஷப் பஞ்சத்தில், சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, பசியால் சாகிற குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டுப் போட்டவர் அவர். அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை. அதனாலேயே இந்த தேசத்தை விட்டுத் தப்பித்தால் போதும் என்று நினைத்தார். அமெரிக்காவில் மூடிப் பிரசங்கியார் ஏற்படுத்தின பள்ளியில் படித்து, அங்கேயே ஒரு நல்ல குடும்ப வாழ்க்கை அமைய வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தாயார் சுகமில்லாமல் இருக்கிறார் என்று செய்தி வந்ததால் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போகத்தான் வந்தார்.

ஒரு ராத்திரி பங்களாவின் கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண வாலிபர் நின்றார். அவருடைய மனைவி சின்னஞ்சிறு பெண், பிரசவ வேதனையில் இருக்கிறாள், வரவேண்டும் என்று கெஞ்சினார். ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். அந்நிய ஆண் என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு இஸ்லாமியர் வந்தார், அதே கோரிக்கை, அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார். விடிந்தபோது தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தால் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த ராத்திரியில் ஐடா தூங்கவில்லை.  காலையில் தாய் தகப்பனிடம் போய், அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்துத் திரும்பி வருகிறேன் என்று சொன்னார்.

அருமையானவர்களே, இந்த இடத்தில் என் சொந்த சாட்சியைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அப்போது பதினைந்து வயசு. எங்கள் பக்கத்துத் தெருவில் தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு அக்காவுக்குப் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. விசுவாசிகள் கூடி விடிய விடிய ஜெபித்தார்கள். கண்ணீரோடுதான் ஜெபித்தார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஆனால் அது வெள்ளிக்கிழமை ராத்திரி. கூலி சனிக்கிழமைதான் கைக்கு வரும். சிவகாசிக்கு வாடகைக் கார் பிடிக்க அந்த வீட்டில் காசு இல்லை. காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவர்கள் சொன்னார்கள். எங்களில் ஒருத்தருக்கும் அந்த வித்தியாசம் புரியவில்லை. முதல் பஸ் வருமுன் அக்கா போய்விட்டார்கள். மற்றவர்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்த வாடகைக் காரே ஞாபகத்தில் நின்றது. நான் நர்ஸ் படிப்புக்குப் போனது அதனால்தான். ஐடா அம்மையாரின் சரித்திரத்தைப் பிற்பாடு படித்தபோது திண்டிவனத்து ராத்திரி எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

ஐடா 1899இல் நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பு அது. வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் சேர்த்து வரும்படி மிஷனில் சொல்லியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஒரு வீட்டில் அவர் பேசிக்கொண்டிருந்ததை பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்ற வங்கிக்காரர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் கூப்பிட்டு, இறந்துபோன தன் மனைவியின் ஞாபகமாக 10,000 டாலர் கொடுத்தார். கேட்டதற்கும் அதிகமாகக் கர்த்தர் கொடுத்தார், ஸ்தோத்திரம்!

1900 ஜனவரி முதல் நாள் இந்தியாவில் வந்து இறங்கினார். அப்பாவிடம் கூட இருந்து தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பி வந்தவருக்கு, சில மாதங்களிலேயே அப்பா மரித்தது பெரிய அடி. ஆஸ்பத்திரி கட்டி முடியும்வரை காத்திருக்காமல், தன் வீட்டில் ஒரு சின்ன அறையில் வைத்தியத்தை ஆரம்பித்தார். ஒரே கட்டில். முதலில் யாரும் வரவில்லை, வெள்ளைக்காரப் பெண்ணை நம்பவில்லை. பிறகு வரத் தொடங்கினவர்களை நிறுத்த முடியவில்லை. இரண்டு வருஷத்தில் 5,000 பேர்.

ஊழியர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஐடா ஒருவர், வீட்டோடு இருந்த சலோமி என்கிற நம் ஊர்ப் பெண் ஒருவர். சலோமி எந்தக் கல்லூரிக்கும் போனவர் இல்லை. கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் ஐடாதான் கற்றுக்கொடுத்தார். ஐடாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூன்று தட்டலைச் சொல்லுவார்கள், பத்தாயிரம் டாலரைச் சொல்லுவார்கள், சலோமியை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பெட்பேன் எடுக்கிற ஆயாவும், தரை துடைக்கிறவரும், ராத்திரி டியூட்டி பார்க்கிற சிஸ்டரும் இல்லாமல் எந்தப் பெரிய டாக்டரும் ஒரு நாள் ஆஸ்பத்திரி நடத்த முடியாது.

1902இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அங்கே வர முடியாத கிராமத்து ஜனங்களுக்காக ஐடாவே வண்டி கட்டிக்கொண்டு போனார். பிற்பாடு ஒரு சின்ன பெஜோ மோட்டார் கார் வந்தது. அந்த நாளில் அதைப் பார்த்துப் பிசாசு என்று ஓடினவர்களும் உண்டாம். வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற ரோட்டில் இன்ன மரத்தடியில் இன்ன நாளில் டாக்டரம்மா வருவார் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள். புண்ணைக் கழுவுவது, சொத்தைப் பல் பிடுங்குவது, கண்ணுக்கு மருந்து விடுவது, குஷ்டரோகியைத் தொட்டுக் கட்டுப் போடுவது எல்லாம் மரத்தடியில்தான். கட்டடச் செலவு இல்லை, வாடகை இல்லை. நோயாளிக்குக் கூலி நாளும் வீணாகவில்லை, பஸ் காசும் மிச்சம். செலவைக் குறைப்பது என்றால் மருந்தைக் குறைப்பது என்று நினைக்கிற நிர்வாகிகள் உண்டு. ஐடா நோயாளியின் செலவைத்தான் முதலில் குறைத்தார்.

1909இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதற்குப் பிறகு, நம் நாட்டுப் பெண்களையே டாக்டர்களாக்க வேண்டும் என்ற பாரம் வந்தது. மூன்று பேர் கிடைத்தாலே அதிசயம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1918இல் பள்ளி திறந்தபோது மனுக்கள் வந்து குவிந்தன, பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆண்களே பலர் தோற்கிற பரீட்சை, உங்கள் பெண்கள் முதல் தடவை தோற்றால் மனம் விடாதீர்கள் என்று அதிகாரிகள் முன்கூட்டியே ஆறுதல் சொன்னார்கள். மாகாணத்தில் ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். வேலூரிலிருந்து எழுதின 14 பெண்களும் தேறினார்கள். அல்லேலூயா என்று எழுதாமல் இருக்க முடியவில்லை!

இதற்கெல்லாம் பணம்? கெர்ட்ரூட் டாட் என்ற சகோதரி தன் சொந்தச் செலவில் வந்து ஐடாவோடு தங்கி, கணக்கைப் பார்த்துக்கொண்டு, எத்தனையோ ஏழை மாணவிகளின் படிப்புச் செலவையும் தாங்கினார். மேடையில் நிற்காதவர். ஒரு ஊழியத்தில் கணக்கு எழுதுகிறவர் உண்மையுள்ளவராக இருந்தால் பாதி எழுப்புதல் வந்த மாதிரிதான். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பெரிய சோதனை முதிர்வயதில் வந்தது. 1938 வாக்கில் சென்னை மாகாண அரசு, இனி சாதாரண டிப்ளமா போதாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்புதான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. படுக்கைகளைக் கூட்ட வேண்டும், மேற்படிப்புப் படித்த ஆசிரியர்கள் வேண்டும், இல்லையென்றால் பள்ளியை மூட வேண்டும். இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? யுத்தகாலம் வேறு. 1941இல், எழுபது வயதில், ஐடா அமெரிக்காவுக்குப் போய் நான்கு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிப் பணம் கேட்டார். ஆண்களையும் சேர்த்துப் பல சபைகள் கூடி நடத்தினால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை. பெண்களுக்கென்று கொடுத்தது பெண்களுக்கே இருக்க வேண்டும் என்று பழைய சிநேகிதிகளே எதிர்த்து நின்றார்கள். ஐடாவுக்கும் அது வலித்திருக்கும், அவருடைய கனவே பெண்களுக்கான கல்லூரிதானே. ஆனாலும் விட்டுக்கொடுத்தார். 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். ஐடா 1946இலேயே பொறுப்பை விட்டிருந்தார். சீக்கிரத்தில் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் இயக்குநரானார். தான் உண்டாக்கினதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்பது நம் ஊழியங்களில் எவ்வளவு அபூர்வம் என்று வாசகர்களுக்கே தெரியும்.

கடைசி நாட்களைக் கொடைக்கானலில் கழித்தார். எண்பதைத் தாண்டியும் டென்னிஸ் ஆடினார் என்கிறார்கள். 1960 மே மாதம், 89ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவர் விட்டுப்போன ஆஸ்பத்திரி நின்றுவிடவில்லை. 1982இல் வேலூர் நகரத்து ஏழைகளுக்காகக் குறைந்த செலவில் சிகிச்சை தருகிற தனிப் பிரிவு ஒன்றை அங்கே ஆரம்பித்தார்கள். தேவையில்லாத டெஸ்ட் எழுதுவதில்லை, தேவையான வைத்தியத்தைக் குறைப்பதும் இல்லை என்பது அதன் முறை. 2022இல் ஐடா பிறந்த ராணிப்பேட்டையிலேயே புதிய வளாகம் வந்தது.

இனி நம் ஊர் விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசமோ என்று இன்னும் சிலர் என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள். எசேக்கியாவின் பிளவைக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னதையும், லூக்கா வைத்தியனாயிருந்ததையும் நாம் வாசித்திருக்கிறோம். நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்துக் கட்டினதோடு போய்விடவில்லை, சத்திரக்காரனுக்கு முன்பணம் கொடுத்து, மீதி செலவுக்கும் பொறுப்பேற்றான். ஜெபத்தையும் விடாதீர்கள், வண்டியையும் கூப்பிடுங்கள்.

நம் ஜனங்களில் அநேகர் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர்கள். தீக்காயம் பட்டால் பேனா மை, பற்பசை, மாவு எதையும் தடவாதீர்கள். ஓடுகிற சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் விடுங்கள், ஐஸ் வேண்டாம். பெரிய காயமென்றால் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள். நான் வேலையில் இருந்தபோது, விலை கூடின டிரெஸ்ஸிங் துணி கிடைக்காத நாளில், நீராவியில் சுத்தம் பண்ணின வாழையிலையை விரித்துப் படுக்க வைத்திருக்கிறோம். புண்ணில் ஒட்டாது, உரிக்கும்போது நோயாளி அலற மாட்டார். ஆனால் அது ஆஸ்பத்திரியில் செய்வது, வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. கார்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெட்டி பெட்டியாகத் தேடினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சகோதரிகள் ஐக்கியம் சார்பாக இந்த மாதம் முதல் ஒரு மருத்துவ உதவிப் பெட்டி வைக்கிறோம். கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சபையில் வாசிக்கப்படும். இது முக்கியமாக வண்டிச் செலவுக்குத்தான். 108க்கு முதலில் போன் பண்ணுங்கள். அது வரத் தாமதமானால் ஆட்டோ பிடிக்கப் பெட்டியில் பணம் இருக்கும். சம்பளம் வந்த பிறகு திருப்பித் தரலாம், தர முடியாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டோம். ஒரு சாவி பாஸ்டர் வீட்டில், இன்னொரு சாவி என் வீட்டில் இருக்கிறது. எனக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், ஆகவே கதவைப் பலமாகத் தட்டுங்கள்.