கே. எஸ். திம்மையா

கொடந்தேரா சுப்பய்யா திம்மையா (1906 – டிசம்பர் 18, 1965) இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். ஓய்வுபெற்ற பின்னர் சைப்பிரஸ் தீவில் ஐக்கிய நாடுகள் அமைதி காக்கும் படைக்குத் தளபதியாகப் பொறுப்பேற்று, அப்பணியில் இருக்கும்போதே காலமானார். இந்தியாவில் இவரது பெயர் பெரும்பாலும் காஷ்மீர்ப் போரோடும், பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட பிணக்கோடும் சேர்த்தே பேசப்படுகிறது. சைப்பிரஸ் பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

இளமையும் இராணுவப் பணியும்

திம்மையா குடகின் மடிக்கேரியில் பிறந்தார். குன்னூர், பெங்களூர், டேராடூன் ஆகிய இடங்களில் பயின்றபின் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று 1926 இல் அதிகாரியானார். இரண்டாம் உலகப்போரில் பர்மா களத்தில் காலாட்படைப் பிரிகேடு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். போர்க்களத்தில் அப்பொறுப்பு வகித்த இந்தியர் அன்று இவர் ஒருவரே. 1948 நவம்பரில் சோஜி லா கணவாய்க்குப் பீரங்கி வண்டிகளை ஏற்றிச் சென்று பகைவரை விரட்டியது இவரது படைப்பிரிவாகும்.

1947 ஆகஸ்டில் பஞ்சாப் எல்லைப் படையில் இந்தியத் தரப்பு ஆலோசகர்களுள் ஒருவராக இருந்தார். பிற்காலத்தில் பாகிஸ்தான் அதிபரான அயூப் கான் மறுதரப்பு ஆலோசகர்களுள் ஒருவர். இரு சமயத்தாரும் கலந்திருந்த அப்படையால் படுகொலைகளைத் தடுக்க இயலவில்லை. ஒரு மாதத்திலேயே அது கலைக்கப்பட்டது. கொரியப் போருக்குப்பின் 1953-54 இல், நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளுக்கான நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைவரானார். ஒரு கைதியை வற்புறுத்தித் திருப்பி அனுப்பவும் கூடாது, வற்புறுத்தித் தடுக்கவும் கூடாது என்பது அங்கு அவர் காக்க வேண்டியிருந்த விதி. இரு தரப்பும் அவரைக் குறை கூறின.

1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தார். 1959 இல் பதவி விலகல் கடிதம் கொடுத்து, நேருவின் வேண்டுகோளுக்கு இணங்கி அதனைத் திரும்பப் பெற்றார்.

சைப்பிரஸ்

1960 இல் விடுதலை பெற்ற சைப்பிரஸில் கிரேக்கர் ஐந்தில் நான்கு பங்கினர். துருக்கியர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1963 டிசம்பரில் இரு இனத்தாரிடையே வன்முறை வெடித்தது. 1964 மார்ச் 4 அன்று பாதுகாப்பு அவை 186 ஆம் தீர்மானத்தின் மூலம் மூன்று மாத காலத்துக்கு ஒரு படையை அமைத்தது. பிரிட்டன், கனடா, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, அயர்லாந்து ஆகியவை வீரர்களை அனுப்பின. முதல் தளபதியும் இந்தியரே. பிரேம் சிங் கியானி என்பவர். 1964 ஜூலையில் திம்மையா அவரிடமிருந்து பொறுப்பேற்றார்.

ஏறத்தாழ 6,000 பேர் கொண்ட அப்படை தற்காப்புக்காக மட்டுமே சுடலாம். அதன் செலவு நாடுகள் விரும்பித் தரும் நன்கொடையைச் சார்ந்திருந்தது. தீவின் அரசு நடைமுறையில் கிரேக்கர் கையில் இருந்ததால், படை தங்கியிருக்க இசைவு தந்த அரசே பூசலில் ஒரு தரப்பாகவும் இருந்தது. இவர் வந்த மறுமாதமே கொக்கினா பகுதியில் பெரும் சண்டை மூண்டது. துருக்கிய விமானங்கள் குண்டு வீசின. அதனைத் தடுக்கும் வலுவோ ஆணையோ படைக்கு இல்லை. 109 ஊர்களில் 527 வீடுகள் அழிந்திருந்ததை அவ்வாண்டு செப்டம்பரில் ஐநா கணக்கிட்டது. அதே மாதத்தில் சுவீடன் வீரர்கள் சிலர் துருக்கியருக்கு ஆயுதம் கடத்திப் பிடிபட்டனர். நடுநிலை என்ற ஒன்றைத் தவிர வேறு முதல் இல்லாத படைக்கு இது பேரிழுக்கு.

படையால் செய்ய முடிந்தவை வேறு வகையானவை. நிக்கோசியா - கைரேனியா சாலை துருக்கியர் வசம் இருந்ததால் கிரேக்கர் அவ்வழியே செல்ல இயலவில்லை. மறுபுறம், 1960 உடன்படிக்கைப்படி தீவில் இருந்த 650 துருக்கிய வீரர்களை மாற்றி வேறு வீரர்களைக் கொணர அரசு மறுத்தது. இரண்டையும் சேர்த்துப் பேசி உடன்பாடு காணப்பட்டது. 1964 அக்டோபர் இறுதியில் சாலை ஐநா கட்டுப்பாட்டுக்கு வந்தது. ஐநா வண்டிகளின் காவலுடன் கிரேக்கர் குறித்த நேரங்களில் பயணம் செய்தனர். அறுவடைக்குப் போகும் உழவருக்கும் வீரர்கள் காவல் நின்றனர்.

அரசியல் தீர்வு காண்பது ஐநா நடுவர் காலோ பிளாசாவின் பணி. 1965 மார்ச்சில் அவர் அளித்த அறிக்கையைத் துருக்கி ஏற்கவில்லை. அதன்பின் படைக்கு எஞ்சியது காத்திருப்பதே. 1965 நவம்பரில் பாமகுஸ்தாவில் மீண்டும் துப்பாக்கிகள் முழங்கின.

மறைவு

ஆறு வாரங்களுக்குப் பின், டிசம்பர் 18 அன்று, திம்மையா மாரடைப்பால் காலமானார். 1966 இல் சைப்பிரஸ் அரசு இவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. லார்னகா நகரில் ஒரு சாலைக்கு இவர் பெயர் உள்ளது. பின்லாந்தின் இல்மாரி மார்ட்டோலா 1966 இல் படைத்தளபதியானார். மூன்று மாதத்துக்கென அமைக்கப்பட்ட அப்படை, 1974 துருக்கியப் படையெடுப்புக்குப்பின் தீவைப் பிரிக்கும் இடைவெளிப் பகுதியைக் காக்கும் பணியையும் ஏற்றது.