பிறர்க்காக மன்றாடியவர்

தில்லைக்கு அருகில் வாழும் நமக்கு ‘மன்று’ என்னும் சொல் புதிதன்று. கூத்தப்பெருமான் ஆடும் அம்பலம் மன்று; ஊரார் கூடி வழக்குத் தீர்க்கும் இடமும் மன்று. அங்கே நின்று முறையிடுதலே மன்றாடுதல். கிறித்தவ நண்பர்கள் பிறருக்காகச் செய்யும் வேண்டுதலை ‘மன்றாட்டு’ என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் இச்சொல்லின் பொருத்தத்தை எண்ணி நான் வியப்பதுண்டு.

தனக்கென்று கேட்பது எவர்க்கும் எளிது. அயலாருக்காகவும், ஆள்வோருக்காகவும், பகைவருக்காகவுங்கூட வேண்டுதல் வேண்டும் என்பது விவிலியம் காட்டும் நெறி. அழிவு நெருங்கிய சோதோம் நகருக்காக ஆபிரகாம் பரிந்து பேசினார். தம்மைச் சிலுவையில் அறைந்தோருக்காக இயேசு வேண்டினார். ஆனால், வேண்டிய பின் வாளா இருந்துவிடலாமா? இவ்வினாவுக்கு விடையாக எனக்குத் தோன்றுவது சுவார்ட்சு ஐயரின் வாழ்வு.

1726-இல் பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க்கில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். அத்தாயோ, தம் மகனை இறைபணிக்கென ஒப்படைத்துவிட்டே கண்மூடினார். பிறர் செய்த வேண்டுதலில் தொடங்கிய வாழ்வு அது! ஆலே நகரில் கல்வி பயிலும்போதே தமிழ் கற்ற அவர், 1750 சூலையில் வந்து இறங்கியது நம் கடலூரில்தான். பின் தரங்கம்பாடி சென்று, அவ்வாண்டு நவம்பரிலேயே தமிழில் அருளுரை ஆற்றினார். திருச்சியிலும் தஞ்சையிலும் அவர் பணி தொடர்ந்தது. மாலைதோறும் மக்களைக் கூட்டி இறைவேண்டல் நடத்துவது அவர் வழக்கம்.

1779-இல் சென்னை அரசு அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பியது. சமாதானம் கைகூடவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. 1781-இல் சிதம்பரம் கோயிலே ஐதரின் படைகள் தங்கிய கோட்டையாயிற்று. அவ்வாண்டு சூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நடந்தது. மறு ஆண்டு கடலூரும் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. அக்கொடிய நாள்களிலும் பாதிரியாரைத் தடுக்கலாகாது எனத் தம் படையினருக்கு ஐதர் ஆணையிட்டிருந்தார். எதிரியும் ஐயுறாத மனிதர் அவர்!

தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் வாட்டியது. ஊர்ப்புறங்களில் நெல் இருந்தும், கொண்டுவந்து சேர்க்க மாடுகள் இல்லை. முன்பு கொடுத்தவற்றுக்குப் பணம் கிடைக்காததால், மன்னரின் சொல்லையும் கும்பினியாரின் சொல்லையும் உழவர்கள் நம்பவில்லை. பணத்துக்குத் தாமே பொறுப்பு என்றார் சுவார்ட்சு. சில நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட காளைகள் வந்தன; நெல்லும் வந்தது. வாக்களித்தபடியே பணமும் கொடுக்கப்பட்டது. இறைவன் திருமுன் மக்களுக்காக மன்றாடியவர் அரசர் முன்னும் அவர்களுக்காக மன்றாடினார். அதனாலன்றோ அவர் சொல் அம்பலம் ஏறியது?

1787-இல் துளசா மன்னர் மறைந்தார். அவர் தத்தெடுத்த சிறுவர் சரபோசி, அமர்சிங்கின் ஆட்சியில் துன்புற்றபோது, அவர் பொருட்டுக் கும்பினியாரிடம் முறையிட்டவரும் சுவார்ட்சே. சிறுவரின் பாதுகாப்புக்கும் கல்விக்கும் வழி பிறந்தது. 1798 பிப்ரவரி 13-இல் ஐயர் மறைந்தார். அவ்வாண்டே சரபோசி அரியணை ஏறினார். அம்மன்னர் கிறித்தவராகவில்லை. ஆயினும் தம் ஆசானுக்குப் பளிங்குச் சிற்பம் அமைத்தார். மரணப் படுக்கையில் இருக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றி நிற்கும் அச்சிற்பத்தைத் தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் காணலாம். பிறருக்காக வேண்டுவது அவரை நம்மவராக்கிக் கொள்வதற்கன்று. அவர் நலமுற வாழ்வதற்கே என்பதை அக்காட்சியினின்று நான் உணர்கிறேன்.

நண்பர்களே! மருத்துவமனையில் கிடக்கும் தோழனுக்காக இறைவனை வேண்டுவோம். அதனோடு அவன் வீட்டுக்கும் சென்று, ஆவன செய்வோம். எந்தச் சமயத்தவராயினும் மன்றாட்டின் முழுப்பொருள் அதுவே. கைகூப்பி வேண்டிய கரங்கள் பிறர் துயர் துடைக்கவும் நீளட்டும்!