தோக்கியோவில் தனித்து நின்ற நீதியரசர்

இன்றைய வங்காளதேசத்தின் குஷ்டியா பகுதியில் 1886-இல் பிறந்தவர் ராதாபினோத் பால். மைமன்சிங் ஆனந்தமோகன் கல்லூரியில் கணிதம் கற்பித்து, பின்னர்ச் சட்டம் பயின்று கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார். கல்லூரி ஆசிரியராய்த் தொடங்கிய வாழ்வு என்பதில் நமக்கும் சிறிது பெருமையுண்டு.

ஜப்பானியத் தலைவர்களின் போர்க்குற்றங்களை விசாரிக்கத் தோக்கியோவில் 1946-இல் கூடிய அனைத்துலக நீதிமன்றத்தின் நீதிபதிகள் 11 பேருள் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர் அவரே. 1948-இல் 25 பேரும் குற்றவாளிகளெனப் பெரும்பான்மையோர் தீர்ப்பளிக்க, ஒருவரும் குற்றவாளியல்லர் என ஆயிரம் பக்கங்களுக்கும் மேலாக மறுப்புத் தீர்ப்பு எழுதினார் பால். செயல் நிகழ்ந்த பின்னர் வகுத்த சட்டத்தால் தண்டித்தல் தகாது; வென்றோர் தோற்றோரை மட்டும் விசாரித்தல் நீதியாகாது என்பன அவர்தம் வாதங்கள். அணுகுண்டு வீச்சையும் அவர் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

நான்கிங் கொடுமைகளை அவர் மறுத்தாரல்லர். இதனை மறைத்து, ஜப்பான் குற்றமற்றதென நிறுவ அவர் பெயரை எடுத்தாள்வோர் அவருக்கு நீதி செய்தவராகார். எனினும், அல்லலுற்ற மக்களை எண்ணுங்கால், அனைவரையும் விடுவிக்கும் அவர் முடிவு நமக்கு உடன்பாடன்று.

1952 முதல் ஐ.நா.வின் அனைத்துலகச் சட்ட ஆணையத்தில் பணியாற்றிய அவர் 1967-இல் மறைந்தார். 2002-இல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனம், தனக்கு முற்பட்ட செயல்களுக்காக எவரையும் தண்டிக்க இடந்தரவில்லை.