ஒரே பெயரில் இருவர்: கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட நொக்ஸ் குடும்பம்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறமாக விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இக்குடாவின் கரையில் அமைந்துள்ளது மூதூர். விவசாயமும் மீன்பிடியும் தழைத்த இவ்வூரில், வெள்ளைக்காரன் மரம் என்ற பெயரால் அறியப்பட்ட ஒரு புளியமரம் இருந்தது. அந்த இடத்தில் 1893 ஆம் ஆண்டு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டி மன்னரின் ஆட்களால் பிடிக்கப்பட்டதை நினைவூட்டும் கல் அது.

ரொபர்ட் நொக்ஸ் என்றதும், பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பிச்சென்று நூல் எழுதியவரே எம் நினைவுக்கு வருவார். ஆனால் அந்தப் புளியமரத்தின் கீழ் பிடிபட்டவர் அவரல்லர். அவருடைய தந்தை. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் என்பதால் இருவரும் ஒருவராகிவிட்டனர். அவர்களை வேறாக்கிப் பார்த்தால்தான் இந்த வரலாற்றின் உண்மையான கனம் எமக்குப் புரியும்.

மகன் ரொபர்ட் நொக்ஸ் 1641 ஆம் ஆண்டு இலண்டன் நகரில் பிறந்தார். தந்தை கப்பற் தலைவர். தாய் மிகுந்த தெய்வபக்தி உடையவர். ஒரு சகோதரனும் ஒரு சகோதரியும் அவருக்கு இருந்தனர். சிறு வயதிலேயே தந்தையோடு கடற்பயணம் செய்யத் தொடங்கிய அவர், 1658 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் ‘ஆன்’ என்னும் கப்பலில் மீண்டும் புறப்பட்டார். கப்பலின் தலைவர் தந்தையே.

1659 நவம்பரில் மசூலிப்பட்டணத்தின் கரையோரம் வீசிய கடும் புயலில் கப்பலின் பெரிய பாய்மரம் பறிபோனது. புதிய பாய்மரம் பொருத்துவதற்குக் கொட்டியாரக் குடாவே தகுந்த இடம் எனக் கண்டு அங்கே செல்லுமாறு கட்டளை வந்தது. வெறுமனே போகாமல் வியாபாரமும் செய்யலாம் என்று துணிகளையும் ஏற்றிக்கொண்டனர். பரங்கிப்பேட்டை வணிகர்கள் சிலரும் அக்கப்பலில் வந்து கொட்டியாரில் தம் பொருட்களோடு இறங்கினர். அக்காலத்தில் எமது துறைமுகம் சோழமண்டலக் கரையோடு எவ்வளவு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அப்போது கண்டியை ஆண்டவர் இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக 1638 இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தவர் அவர். ஆனால் போர்த்துக்கேயர் போன இடத்தில் ஒல்லாந்தர் அமர்ந்துகொண்டனர். 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. ஒருமுறை ஏமாந்த மன்னர், கரைக்கு வந்த எந்த ஐரோப்பியரையும் நம்பவில்லை. நொக்ஸ் கப்பலார் தமக்குக் கடிதமோ காணிக்கையோ அனுப்பாததையும் அவர் குற்றமாகக் கொண்டார். அவரது திசாவை படையோடு கொட்டியாருக்கு வந்தார். கப்பற் தலைவரை நல்வார்த்தை சொல்லிக் கரைக்கு அழைத்தனர். அவர் ஐயமின்றி வந்து புளியமரத்தின் கீழ் அமர்ந்திருந்த வேளையில் ஆட்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டனர். கரைக்கு வந்த ஏனையோரையும் சேர்த்துச் சிறைப்பட்டோர் தொகை 16 ஆயிற்று. இது நடந்தது 1660 ஆம் ஆண்டில்.

அடுத்து நடந்ததுதான் இக்குடும்பக் கதையின் திருப்பம். கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்ய வேண்டும் என்பது திசாவையின் எண்ணம். அதற்காகத் தந்தையின் கட்டளையோடு மகனைக் கப்பலுக்கு அனுப்ப இணங்கினார். தந்தையோ மகனிடம் வேறு செய்தியைச் சொல்லி அனுப்பினார். கப்பலை எக்காரணம் கொண்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம், எச்சரிக்கையாக இருங்கள் என்பதே அது. கூடவே, தன்னைத் தனியே விட்டுவிடாமல் திரும்பி வரவேண்டும் என்றும், மறுமையில் இதற்குப் பதில் சொல்ல நேரும் என்றும் மகனிடம் வாக்கு வாங்கினார்.

மகன் கப்பலில் ஏறினார். அந்த நொடியில் அவர் சுதந்திர மனிதர். அவருக்கு வயது 19. கப்பலிலேயே தங்கிவிட்டிருந்தால் அவரைத் தடுப்பார் எவருமில்லை. ஆயினும் செய்தியைச் சொல்லிவிட்டு, கப்பலாரின் மறுப்பைப் பதிலாகப் பெற்றுக்கொண்டு அவர் தந்தையிடம் திரும்பி வந்தார். கப்பல் தப்பியது. மகன் கைதியானார். பத்தொன்பது ஆண்டுச் சிறை அவருக்கு வந்தது வாள்முனையால் அல்ல, தந்தைக்குக் கொடுத்த வாக்கினால்.

கைதிகள் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஊர் ஊராகப் பிரித்து விடப்பட்டனர். தந்தையும் மகனும் மட்டும் சேர்ந்திருக்க அனுமதி கிடைத்தது. இன்றைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் கிராமமே அவர்களது இருப்பிடமாயிற்று. ஊரார் முறைவைத்து அவர்களுக்கு உணவளித்தனர். ஆனால் அவ்விடத்துக் குளிர்காய்ச்சல் இருவரையும் பற்றிக்கொண்டது. தன்னால் மகனும் சிறைப்பட்டான் என்ற கவலை தந்தையை நோயைவிட வாட்டியது. சகோதரனையும் சகோதரியையும் கவனித்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டு, 1661 பெப்ரவரி 9 ஆம் திகதி அவர் கண்மூடினார்.

மையித்தைக் குளிப்பாட்டவும் சுமக்கவும் உறவும் ஊரும் திரண்டு வரும் சமூகத்தில் வாழும் எமக்கு அந்த நாளை நினைத்துப் பார்ப்பதே கடினம். காய்ச்சலால் எழுந்து நிற்க வலுவற்ற 20 வயது இளைஞர் ஒருவர். துணைக்கு ஒரு வேலைக்காரப் பையன் மட்டும். உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிற்றை ஊரார் கொடுத்து, உடலைக் காட்டுக்குள் இழுத்துச் செல்லச் சொன்னார்கள். பிணத்தைத் தொடுவதைத் தீட்டாகக் கருதிய வழக்கம் அது. மகன் அதற்கு உடன்படவில்லை. கூலி கொடுத்து ஓர் ஆளைப் பிடித்து, உடலைச் சுமந்து சென்று தந்தையை மரியாதையோடு மண்ணில் அடக்கம் செய்தார்.

அதன்பின் அவர் தனிமரம். நோயும் தனிமையும் வாட்டிய அந்நாட்களில் முதியவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருப்பதை அறிந்து, ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்து அதை வாங்கினார். தொப்பி பின்னுவதே பின்னர் அவருக்குச் சோறு போட்டது. கோழியும் பன்றியும் வளர்த்தார். நெல்லைக் கடன் கொடுத்து அறுவடையில் கூடுதலாகப் பெற்றார். ஊர் ஊராகச் சென்று சில்லறை வியாபாரம் செய்தார். சிங்கள மொழியைச் சரளமாகப் பேசினார். கண்டிக்கு அருகே எலதத்த என்னும் இடத்தில் காணி வாங்கி வீடும் கட்டினார். கைதியாக வந்தவர் இவ்வாறு குடியேறியாகவே மாறினார். ஆனால் திருமணம் செய்யவில்லை. இங்கே வேர் விட்டால் திரும்பிப் போக மனம் வராது என்று அவர் அஞ்சினார். ஆயினும் சக கைதி ஒருவரின் மகளான லூசியா என்னும் சிறுமியை அன்போடு வளர்த்தார்.

வியாபாரம் அவருக்குப் பிழைப்பு மட்டுமல்ல, வழி தேடும் உபாயமும் ஆயிற்று. பொருள் விற்பது போல வடக்குப் பக்கமாகப் பலமுறை சென்று பாதைகளை அறிந்துகொண்டார். 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டு அனுராதபுரத்தை அடைந்தார். அங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரையோரமாக, யானைகள் திரியும் காட்டினூடே நடந்தனர். அந்த ஆறுதான் மன்னார்ப் பகுதியில் அருவியாறு எனப்படுகிறது. ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். கிழக்குக் கரையில் பிடிபட்டவர் மேற்குக் கரையில் விடுதலை பெற்றார்.

1680 இல் இங்கிலாந்தை அடைந்த அவர், பயணத்தின்போதே எழுதத் தொடங்கியிருந்த குறிப்புகளை நூலாக்கினார். விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் துணைநிற்க, 1681 இல் இலங்கைத் தீவைப் பற்றிய அந்நூல் வெளிவந்தது. கண்டி இராச்சியத்தின் வயல் வேலை, உணவு, உடை, சட்டம், திருமணம், மன்னரின் ஆட்சிமுறை என அரண்மனைக் குறிப்புகளில் இடம்பெறாத சாதாரண மக்களின் வாழ்க்கை அதில் பதிவாயிற்று. ஒல்லாந்து, ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது. 1719 இல் டானியல் டீபோ எழுதிய ரொபின்சன் குரூசோ என்ற புகழ்பெற்ற கதைக்கு நொக்ஸின் அனுபவமும் ஒரு தூண்டுகோல் என்று அறிஞர்கள் பலர் கருதுகின்றனர்.

இத்தோடு நிறுத்தினால் இது இனிய கதையாக முடியும். ஆனால் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற நொக்ஸ் மீண்டும் கம்பனியின் கப்பற் தலைவரானார். மடகஸ்காருக்குச் சென்று அடிமைகளை வாங்கி சென்ற் ஹெலனாத் தீவுக்குக் கொண்டுசென்றார். சொந்த மண்ணிலிருந்து பிரிக்கப்படுவதன் வலியைப் பத்தொன்பது ஆண்டுகள் அனுபவித்தவர், அதே வலியைப் பிறருக்குக் கொடுக்கும் தொழிலைச் செய்தார். துன்பம் மனிதனைத் தானாகவே நீதிமான் ஆக்கிவிடுவதில்லை. தனக்கு நேர்ந்தது அநீதி என்று அறிவது எளிது. அதே அநீதி பிறருக்கு நேரும்போது கண்டுகொள்வதே கடினம். தந்தைக்குக் கொடுத்த வாக்கை மறுமைக்கு அஞ்சிக் காத்த மனிதரே இதைச் செய்தார் என்பது எம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

1720 இல் நொக்ஸ் திருமணமாகாதவராகவே காலமானார். எலதத்தவில் விட்டுவந்த காணியை, பின்னாளில் அனுப்பிய கடிதத்தின் மூலம் லூசியாவுக்கே உரியதாக்கியிருந்தார். தந்தையின் உடல் பண்டார கொஸ்வத்தை மண்ணில். மகனின் காணி, அவர் பெறாத மகளின் கையில். நொக்ஸ் குடும்பம் இலங்கையில் விட்டுச்சென்றவை இவைதாம்.

மூதூருக்குச் செல்பவர்கள் அந்த நினைவுக்கல்லைக் காணும்போது ஒருவரை அல்ல, இருவரை நினைக்க வேண்டும். ஒருவர் மரத்தடியில் பிடிபட்டவர். மற்றவர் தப்பிக்க முடிந்தும் திரும்பி வந்தவர்.