மாலைக்கு அழகு பார்த்த கோதை

குழந்தைகளே! ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று வைத்துப் பார்த்த பிறகே தைப்பார்கள். பூமாலைக்கும் அப்படி அழகு பார்த்த ஒரு சிறுமியைத் தெரியுமா?

ராஜபாளையத்துக்கு அருகில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பெரியாழ்வார் வாழ்ந்தார். நந்தவனம் வைத்து, பெருமாளுக்குத் தினமும் மாலை கட்டுவது அவர் பணி. ஆடிப் பூரத்தன்று துளசிச் செடியருகே கிடைத்த பெண் குழந்தையைக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் என்பார்கள்.

மாலை பெருமாளுக்குப் பொருத்தமாக இருக்குமா? கோதை அதைத் தானே சூடி, கிணற்று நீரில் பார்ப்பாள். ஒருநாள் தந்தை கண்டுவிட்டார். மனம் நொந்து, அந்த மாலையைச் சாத்தவில்லை. அன்றிரவு பெருமாள் கனவில் வந்து, கோதை சூடியதே தமக்கு வேண்டும் என்று கேட்டாராம்.

அவரே ஆண்டாள். 12 ஆழ்வார்களில் ஒரே பெண். 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவையைப் பாடியவர். அவர் சூடிய மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது.

கோயிலுக்குப் போனால் ஆண்டாளின் கையில் உள்ள கிளியைக் கவனியுங்கள். உடலுக்குப் பச்சை மரவள்ளி இலை, அலகுக்குச் சிவந்த மாதுளம்பூ, வாலுக்கு அரளிப்பூ என்று பல வண்ணத் துண்டுகளை இணைத்துத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள்.

நீங்களும் ஒரு வேலையை முடித்ததும் உடனே கொடுத்துவிடாதீர்கள். கோதையைப் போல ஒருமுறை அழகு பார்த்துவிட்டுக் கொடுங்கள்!