ஒலியின் தடத்தை ஒளியில் கண்டவர்

அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாறு, அம்பூரியை அடுத்த நீர்த்தேக்கத்தில் தங்கி, நெய்யாற்றின்கரை வழியாகச் சென்று, பூவாற்றில் அரபிக்கடலோடு கலக்கிறது. ஆற்றுநீர் நன்னீர், கடல்நீர் உவர்நீர். சுவையில் வேறுபடும் இவ்விரு நீரும் ஒலியைக் கடத்துவதிலும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை அளக்க உதவும் ஒரு நுட்பத்திற்குச் சிறந்த விளக்கம் தந்தவர் சர் சி. வி. இராமன்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையாரின் ஆசிரியப் பணி காரணமாகக் குடும்பம் விசாகப்பட்டினத்தில் குடியேறியது. உங்களைப் போலவே இராமனும் பிறமொழி வழங்கும் ஊரில் பள்ளிக்குச் சென்ற தமிழ்ப்பிள்ளைதான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், 1907இல் நிதித்துறையில் உயர்பதவி ஏற்றுக் கல்கத்தா சென்றார். பகலில் கணக்கு, காலையிலும் மாலையிலும் ஆய்வு. வீணை, மிருதங்கம் முதலிய இசைக்கருவிகளின் ஒலியை ஆராய்ந்தார். பத்தாண்டுகளுக்குப்பின், ஊதியம் குறையும் என்பதறிந்தும் அரசுப்பதவியைத் துறந்து பேராசிரியரானார். 1921இல் கப்பற்பயணத்தின்போது கண்ட கடலின் நீலநிறம் அவரை ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபடுத்தியது. அதன் பயனாக 1928இல் இராமன் விளைவு பிறந்தது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

புகழ் வந்தபின்பும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், மீயொலி பாயும் நீர்மத்தின் ஊடே செல்லும் ஒளி பல கதிர்களாகப் பிரிவதை அமெரிக்க, பிரெஞ்சு அறிஞர்கள் கண்டறிந்திருந்தனர். காரணம் தெளிவாகவில்லை. இராமனும் அவர்தம் மாணவர் நாகேந்திரநாத்தும் 1935, 1936ஆம் ஆண்டுகளில் அதனை விளக்கினர். மீயொலி நீர்மத்தைச் செறிவும் நெகிழ்வும் மாறிமாறி அமைந்த அடுக்குகளாக்குகிறது. அவ்வடுக்குகளே ஒளியைப் பிரிக்கின்றன. பிரிந்த கதிர்களின் கோணத்தால் ஒலியின் அலைநீளம் புலனாகும். அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒலியின் வேகம் கிடைக்கும். செவிக்கு எட்டாத ஒலியைக் கண்ணால் அளக்கும் வழி இது!

20 பாகை செல்சியசு வெப்பநிலையில் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். தூயநீரில் 1,482 மீட்டரும், கடல்நீரில் ஏறத்தாழ 1,520 மீட்டரும் செல்லும். உப்பு மிகுந்தாலும், கடல் வெதுவெதுப்பானாலும், ஆழத்தில் அழுத்தம் கூடினாலும் வேகம் மிகும். கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் கடலாழம் கணிப்பர். அங்கே நன்னீரின் வேகத்தைக் கொண்டு கணித்தால், 1,000 மீட்டர் ஆழம் 975 மீட்டராகத் தோன்றும். சிட்டிகை உப்பும் கணக்கில் சேர வேண்டும் அன்றோ!

1954இல் பாரத ரத்னா விருது பெற்ற இராமன், 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூருவில் மறைந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை அயல்மொழி நிலங்களில் கழித்த அவர், சென்ற இடமெல்லாம் வினாவொன்றை உடன்கொண்டு சென்றார். நீர்த்தேக்கக் கரையில் நிற்கும்போது நீங்களும் ஒரு வினா எழுப்புங்கள்.

சொற்பொருள்
மீயொலி – செவிக்கு எட்டாத மிகை அதிர்வு ஒலி
உவர்நீர் – உப்புநீர்
நெகிழ்வு – செறிவின்மை

பயிற்சி
1. இராமன் அரசுப்பதவியைத் துறந்தது ஏன்? உம் கருத்தை எழுதுக.
2. நெய்யாற்றின் நீரிலும் பூவாற்றுக் கடல்நீரிலும் ஒலியின் வேகம் வேறுபடுவது எதனால்?
3. பிரித்து எழுதுக: கடலாழம், இவ்விரு.