பேச்சையே மருந்தாக்கிய ‘அன்னா ஓ’: பெர்த்தா பாப்பன்ஹைம் பிறகு ஏன் பேசவில்லை?

மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டா பாரம் இறங்கிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதையே ஒரு சிகிச்சையாக உலகம் எடுத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் ஒரு நோயாளி. அவர் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். சிகிச்சை தொடங்கியபோது அவருக்கு வயது 21.

1859-ல் வியன்னாவில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கெட்டிக்காரப் பெண். ஆனாலும் 16 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தம்பி மேலே படிக்க, இவருக்குக் கிடைத்தது பூத்தையல் வேலையும் கல்யாணத்துக்கான காத்திருப்பும்தான்.

1880 கோடையில் அப்பா படுத்த படுக்கையானார். ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டது மகள்தான். கொஞ்ச நாளில் அவருக்கே இருமல் வந்தது, கை மரத்துப்போனது, பார்வை மங்கியது. ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மனே வாயில் வரவில்லை, ஆங்கிலம் மட்டும்தான் வந்தது!

வைத்தியம் பார்க்க வந்தவர் டாக்டர் யோசப் பிராயர். அவர் செய்த பெரிய காரியம், உட்கார்ந்து கேட்டதுதான். சாயங்காலம் வந்தால் பெர்த்தா கதை கதையாகச் சொல்வார். சொல்லி முடித்ததும் மனசு அடங்கிவிடும். 1881 ஏப்ரலில் அப்பா இறந்த பிறகு அந்தக் கதைகள் பயங்கரமாக மாறின. டாக்டர் வராத நாட்களில் நிலைமை மோசமாகிவிடும்.

ஒரு கோடையில் விநோதமான சிக்கல். தாகம் வாட்டினாலும் தண்ணீர் டம்ளரைத் தொட்டதும் தள்ளிவிடுவார். சுமார் ஆறு வாரம் பழங்களை வைத்தே தாகம் தணித்தார். பிறகு, அரைமயக்க நிலையில் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். வீட்டில் துணைக்கு இருந்த பெண்ணின் நாய்க்குட்டி, டம்ளரிலிருந்தே தண்ணீர் குடித்ததைப் பார்த்திருக்கிறார். மரியாதைக்காக எதுவும் சொல்லவில்லை. அடக்கிவைத்த அருவருப்பையும் கோபத்தையும் கொட்டியவுடன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று பிராயர் பதிவு செய்திருக்கிறார்.

இந்த முறைக்கு ‘டாக்கிங் க்யூர்’, அதாவது பேச்சு வைத்தியம், என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரும் பெர்த்தாதான். வேடிக்கையாகப் பேசும்போது, புகைபோக்கியில் கரி துடைக்கிற வேலை என்பார்.

1895-ல் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் இவர் ‘அன்னா ஓ’ ஆனார். அதன்படி அவர் குணமாகிவிட்டார். நிஜம் அவ்வளவு சுலபமில்லை. 1882 ஜூனில் சிகிச்சை முடிந்த அடுத்த மாதமே சுவிட்சர்லாந்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். முகவலிக்காகக் கொடுத்த மார்ஃபின் பழக்கமாகியிருந்தது. 1887 வரை இப்படி உள்ளே போவதும் வருவதுமாகவே இருந்தார்.

அப்போ பேசியது வீணா? அப்படிச் சொல்ல முடியாது. அந்தச் சாயங்காலங்களில் கிடைத்த ஆறுதல் உண்மையானது. ஆனால் கேட்க இருந்தது ஒரே ஒரு ஆள். அவர் விலகியதும் யாருமில்லை. படித்த பெண்ணை வீட்டில் முடக்கிய வாழ்க்கையும் அப்படியே இருந்தது, பேச்சால் அதை எப்படி மாற்ற முடியும்?

மாற்றியது ஃபிராங்க்ஃபர்ட். 1888-ல் அம்மாவோடு அங்கே குடிபோனார். ஏழைகளுக்கான கஞ்சித்தொட்டியில் வேலை பார்த்தார். அனாதைச் சிறுமிகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். 1904-ல் யூதப் பெண்கள் சங்கம் தொடங்கினார். 1907-ல், திருமணமாகாத தாய்மார்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் நொய்-இசன்பர்க்கில் ஓர் இல்லம் திறந்தார். பெண்களைக் கடத்தி விற்கும் கும்பல்களுக்கு எதிராகக் கிழக்கு ஐரோப்பா வரை அலைந்தார்.

வியன்னா நாட்களைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. தன் இல்லத்துப் பெண்களுக்கு உளப்பகுப்பாய்வு சிகிச்சை தருவதையும் எதிர்த்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இது முரண்பாடு மாதிரி தெரியலாம். ஆனால் அந்தரங்கமாகச் சொன்னது அவர் உயிரோடு இருக்கும்போதே புத்தகமாகிவிட்டது. யாரிடம் எதைச் சொல்வது என்ற முடிவை அதன் பிறகு அவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

1936-ல் இறந்தார். அன்னா ஓ இவர்தான் என்று ஃபிராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் 1953-ல் அச்சில் போட்டுவிட்டார். மறு வருஷம் மேற்கு ஜெர்மனி பெர்த்தாவின் படத்தோடு ஒரு தபால்தலை வெளியிட்டது. அது அவருடைய சமூக சேவைக்காக.